பெயர் கேளாத சந்தை

இரும்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் கடைந்து, துளையிட்டு, வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரும் சிறு இயந்திரப் பட்டறைகளைப் பற்றியும், அவற்றுக்கு இக்காலத்தில் வேலை தேடித் தரும் இணையச் சந்தைகளைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். நான் கோயமுத்தூரில் இத்தகைய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறவன். நான்கு இயந்திரங்கள், ஏழு தொழிலாளர். இதுவே என் பட்டறையின் அளவு. எண்ணெய் படிந்த மேசையருகே நின்று இத்தொழிலைப் பார்க்கிறவனின் விளக்கமாக இதனை நேயர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

கிணற்று நீரை இறைக்கும் பம்பு, நூற்பாலையின் கதிர், மோட்டார் வண்டி, மருத்துவமனைக் கருவி ஆகிய எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே சிறு உறுப்புகள் பல இருக்கக் காண்போம். அவற்றுள் பலவற்றைப் பெரிய ஆலைகள் தாமே செய்வதில்லை. வரைபடத்தைக் கொடுத்து, சிறு பட்டறைகளிடம் செய்து வாங்கிக்கொள்கின்றன. இதற்கு எங்கள் ஊரில் 'ஜாப் ஒர்க்' என்று பெயர். வேலை கொடுப்பவரைப் 'பார்ட்டி' என்போம். பட்டறைக்காரனுக்குச் சொந்தச் சரக்கு என்று ஒன்று கிடையாது. அவன் விற்பது இயந்திரத்தின் நேரத்தையும், தொழிலாளியின் கைத்திறனையும், அளவு தவறாது என்னும் நம்பிக்கையையுமே ஆகும்.

கோவையில் இத்தொழில் வளர்ந்த வரலாற்றை ஓரளவு அறிதல் நலம். 1888-இல் இங்கு முதல் நூற்பாலை தோன்றியது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. ஆலை இருந்தால் பழுது இருக்கும். பழுது இருந்தால் கடைசல் பட்டறை வேண்டும். உழவர்கள் மின்சாரத்தால் நீர் இறைக்கத் தலைப்படவே பம்புத் தொழிலும் மோட்டார்த் தொழிலும் கிளைத்தன. அவற்றின் நிழலில் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. இவற்றுக்கெல்லாம் வேலை வந்த வழி ஒன்றே: அறிமுகம். மாமன் ஆலையில் மேஸ்திரியாக இருப்பார். உடன் படித்தவன் பம்புக் கம்பெனியில் கொள்முதல் அலுவலராக இருப்பான். அவர்கள் சொல்லி வேலை வரும்.

இந்த அறிமுக முறைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இக்கட்டில் உதவியும் கிடைத்தது. ஆனால் கைத்திறன் மிகுந்த ஒருவன், உறவும் செல்வாக்கும் இல்லாத குடும்பத்தில் பிறந்துவிட்டால், அவன் காலம் முழுதும் பிறர் பட்டறையில் கூலிக்கு நிற்க வேண்டியவனே ஆனான். ஆலை வாயிலில் அவனை நோக்கிக் கேட்கப்பட்ட முதற் கேள்வி, "நீ யார் வீட்டுப் பையன்?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேளாத ஒரு சந்தை இப்போது வந்திருக்கிறது. அதன் நன்மை, தீமை இரண்டும் அந்த ஒரு தன்மையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இச்சந்தை எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். எண்களைக் கொண்டு இயக்கப்படும் மில்லிங் இயந்திரம் 1952-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இன்று சி.என்.சி. என்று நாம் வழங்கும் இயந்திரங்களெல்லாம் அதன் வழித்தோன்றல்களே. காலப்போக்கில் தாளில் வரையப்பட்ட படங்கள் கணினிக்குள் முப்பரிமாண வடிவங்களாயின. வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றின் படத்தை மற்றொன்று படிக்கும்படி 'ஸ்டெப்' என்னும் பொதுக் கோப்பு முறை 1994-இல் உலகத் தரமாக வெளியிடப்பட்டது. உறுப்பு ஒன்றின் முழு வடிவமும் ஒரே கோப்பில் அடங்கிக் கடல் கடந்து செல்ல முடியும் என்றானபின், வேலை கொடுப்பவரும் செய்பவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எம்.எஃப்.ஜி. டாட் காம் என்னும் சந்தை தொடங்கப்பட்டது. அதில் வேலை வேண்டுவோர் படத்தை இடுவர். பட்டறைகள் விலை கூறிப் போட்டியிடும். பழைய ஒப்பந்தப்புள்ளி முறையே இணையத்தில் ஏறியது எனலாம். 2013-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஸோமெட்ரி என்னும் நிறுவனமும், அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் த்ரீடி ஹப்ஸ் என்னும் நிறுவனமும் தோன்றின. நம் நாட்டில் 2018-இல் பெங்களூரில் ஜெட்வெர்க் தொடங்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் நடப்பவை. எனினும் பட்டறைக்காரன் நோக்கில் அவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, நாம் விலை கூறும் சந்தை. மற்றொன்று, சந்தையே விலை கூறி, 'வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்னும் சந்தை.

இரண்டாம் வகையே புதுமையானது. வாங்குவோர் கோப்பை ஏற்றியவுடன், கணினி அதன் நீளம், அகலம், உயரம், வெட்டி நீக்க வேண்டிய உலோகத்தின் அளவு, துளைகளின் எண்ணிக்கை, மூலைகளின் வளைவு, மேற்பூச்சு, எண்ணிக்கை, தவணை ஆகியவற்றையெல்லாம் அளந்து, முன்பு நடந்த வேலைகளின் விலையோடு ஒப்பிட்டு, சில நொடிகளில் ஒரு தொகையைக் காட்டும். வாங்குவோர் ஒப்பினால், சந்தை அந்த வேலையை வேறொரு தொகைக்குப் பட்டறைகளின் முன் பலகையில் எழுதி வைக்கிறது. தகுதியுள்ள பட்டறைகளுள் முதலில் 'சரி' என்று அழுத்தியவருக்கு அந்த வேலை போகும். இரண்டு தொகைக்கும் உள்ள வேறுபாடு சந்தையின் ஊதியம். ஸோமெட்ரி 2021-இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனமாதலால் அதன் கணக்கு ஊரறிய வெளியாகிறது. 2024-ஆம் ஆண்டில் அதன் சந்தை வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு அதன் கையில் நின்றது. இதனைக் கொள்ளை என்று கூறிவிட முடியாது. வாங்குவோரைத் தேடுவதும், ஒரு பட்டறை கைவிட்டால் வேறொன்றைப் பிடிப்பதும், பணம் வராவிட்டால் அந்த இழப்பைச் சுமப்பதும் அதனுடைய வேலைகளே.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே விலை சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. கை கொடுத்த இருவருக்குத் தெரியும். இணையச் சந்தையிலோ வாங்குவோர் தந்த விலை பட்டறைக்காரனுக்குத் தெரியாது. பட்டறைக்காரன் பெற்ற விலை வாங்குவோருக்குத் தெரியாது. துண்டுக்கடியில் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருப்பது கணினி ஒன்றே. ஆகவே பேரம் பேசும் திறமைக்கு இங்கு இடமில்லை. எஞ்சி நிற்பது ஒரே திறமை: பலகையில் உள்ள தொகை தன் பட்டறைக்குக் கட்டுமா, கட்டாதா என்பதைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளும் கணக்குத் திறமை.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம். ஒரு மில்லிங் இயந்திரத்துக்கு மாதந்தோறும் கடன் தவணை ரூ. 65,000, இயக்குபவரின் சம்பளம் ரூ. 25,000, மின்சாரம் ரூ. 12,000, வாடகையில் அதன் பங்கு ரூ. 15,000, வெட்டுளிகளும் எண்ணெயும் ரூ. 15,000, நிரல் எழுதுபவர், மேற்பார்வை முதலியவற்றின் பங்கு ரூ. 18,000. மொத்தம் ரூ. 1,50,000. மாதத்தில் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி என்று 200 மணி நேரம் உண்டு. ஆனால் மின்தடை, பழுது, வேலையில்லாத நாள் எல்லாம் போக, விலை பெறக்கூடிய நேரம் 150 மணிதான் என்று கொள்வோம். அப்படியானால் அந்த இயந்திரத்தின் ஒரு மணி நேரம் ரூ. 1,000 ஆகிறது.

இனி, பலகையில் ஒரு வேலை தோன்றுகிறது. அலுமினிய உறுப்பு 10. மொத்தத் தொகை ரூ. 9,000, உலோகமும் பூச்சும் அனுப்பும் செலவும் நம்முடையவை. ஓர் உறுப்பை வெட்ட 18 நிமிடம் ஆகும். பத்துக்கும் 3 மணி. உலோகம் ரூ. 1,000, பூச்சு ரூ. 500, கட்டி அனுப்ப ரூ. 500 என்று ரூ. 2,000 போனால், 3 மணி நேரத்துக்கு ரூ. 7,000 கிடைக்கிறதே என்று மனம் மகிழும். அதற்குள் விரல் பொத்தானை அழுத்திவிடும். ஆனால் நிரல் எழுத ஒன்றரை மணி. உலோகத்தைப் பிடித்து நிறுத்தி, வெட்டுளிகளை அமைத்து, தொடக்கப் புள்ளி காண 2 மணி. அளந்து அறிக்கை எழுத ஒரு மணி. ஆக மொத்தம் ஏழரை மணி, ரூ. 7,500. வெளிச்செலவு ரூ. 2,000 சேர்த்தால் ரூ. 9,500. இலாபம் என்று தோன்றிய வேலையில் ரூ. 500 நட்டம்.

இதே உறுப்பு 100 வேண்டும் என்று வந்தால் நிலைமை மாறும். வெட்ட 30 மணி. நிரலும் அமைப்பும் முன்போல் மூன்றரை மணி. அளக்க 4 மணி. ஆக முப்பத்தேழரை மணி. ஓர் உறுப்புக்கு இயந்திரச் செலவு ரூ. 750-இலிருந்து ரூ. 375 ஆகப் பாதியாய்க் குறைகிறது. இணையச் சந்தையில் மாதிரி வேலைகளும் சிறு எண்ணிக்கை வேலைகளும் மிகுதியாக வருவதால், வெட்டும் நேரத்தைவிட வெட்டாத நேரமே பட்டறையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பிடிப்புகளை ஒரே மாதிரியாக வைத்தல், அடிக்கடி வேண்டும் வெட்டுளிகளை இயந்திரத்திலேயே நிலையாக மாட்டி வைத்தல், பழைய நிரல்களை ஒழுங்காகச் சேமித்தல் ஆகிய சிறு பழக்கங்கள் விலையுயர்ந்த இயந்திரம் தராத இலாபத்தைத் தருவது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இயந்திரம் சும்மா நிற்கிறது, தவணையும் சம்பளமும் வாடகையும் எப்படியும் கொடுத்தாக வேண்டும், அந்நிலையில் ரூ. 9,000 வேலையை மறுப்பது அறிவுடைமையா? மறுக்க வேண்டியதில்லை. வேலை செய்தால் மட்டுமே ஆகும் செலவு மின்சாரமும் வெட்டுளியும் எண்ணெயும்தான். மாதம் ரூ. 27,000 என்னும் கணக்கில் அது மணிக்கு ரூ. 180. ஏழரை மணிக்கு ரூ. 1,350, வெளிச்செலவு ரூ. 2,000 சேர்த்து ரூ. 3,350. இதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் அந்த மாதத் தவணைக்கு உதவும். எனவே பட்டறைக்காரனிடம் இரண்டு எண்கள் இருத்தல் வேண்டும். ஒன்று, அடிவரம்பு, அதற்குக் கீழே தொடவே கூடாது. மற்றொன்று, நிலைவிலை, ஆண்டு முழுதும் சராசரியாகக் கிடைத்தாக வேண்டியது. அடிவரம்பு விலையில் ஒரு வேலை செய்வது பஞ்ச காலத்தில் விதைநெல்லில் ஒரு படி எடுப்பது போன்றது. அதுவே வழக்கமாகிவிட்டால், இயந்திரம் தேய்ந்து மாற்றும் நாளில் கையில் ஒன்றும் இராது.

விலைக் கணக்கை அடுத்துக் கவனிக்க வேண்டியது வரைபடம். பக்கத்துத் தெருப் பார்ட்டி ஐயம் வந்தால் நேரில் வருவார். இணையத்தில் படமே பேச வேண்டும். அமெரிக்கப் படங்களில் காட்சிகளை அமைக்கும் முறை வேறு. நம் நாட்டுப் படங்களில் கற்பிக்கப்படும் முறை வேறு. இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் காட்சியை நாம் வலப்பக்கத்தில் வரைவோம். அவர்கள் இடப்பக்கத்திலேயே வரைவார்கள். படத்தின் மூலையில் நுனி வெட்டிய கூம்பு ஒன்று சிறு குறியாக இருக்கும். எந்த முறை என்பதை அதுவே சொல்லும். அதனைப் பாராமல் செய்தால், வலக்கைச் செருப்புக்கு இடக்கால் தேடியது போல, எல்லா அளவும் சரியாக இருந்தும் கண்ணாடியில் தெரியும் உருவம் போன்ற உறுப்பு கைக்கு வரும். அங்குலக் கணக்கும் அப்படியே. கால் அங்குலத் திருகாணி 6.35 மில்லிமீட்டர், நம் எம் 6 திருகாணி 6 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும், மரையில் ஏறாது. உலோகத்தின் பெயரும் கவனிக்கத்தக்கது. இ.என். 8 என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் எஃகு பழைய பிரிட்டிஷ் பெயருடையது. அமெரிக்கப் படத்தில் 1040 என்றிருப்பது அதற்கு ஏறத்தாழ இணையானது. அதுவே என்று சொல்லிவிட முடியாது. மாற்றிப் போடுவதற்கு எழுத்தில் இசைவு பெறுதல் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். அளவுகளெல்லாம் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் கொள்ளப்பட வேண்டும் என்பது உலகப் பொது விதி. கோவையின் சித்திரை நடுப்பகலில் பட்டறைக்குள் 35 பாகை இருக்கலாம். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு இந்த 15 பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர் நீளும். நம் கையிலுள்ள எஃகு அளவுகோலும் நீளும். ஆனால் அதில் பாதியளவே நீளும். அதனால் நாம் சரி என்று அனுப்பியது, குளிர்ந்த அறையில் வைத்து அளக்கும்போது 0.017 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். படத்தில் கொடுத்த இடைவெளி 0.01 ஆனால் அந்தத் துண்டு தள்ளப்படும். உள்ளூரில் அளப்பவரும் அதே வெயிலில் அளப்பதால் வெளிப்படாத இந்த வேறுபாடு, தொலைதூர வாணிகத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. துல்லியமான வேலைகளை விடியற்காலையில் அளப்பதும், வெட்டிய சூட்டோடு அளக்காமல் ஆறவைத்து அளப்பதும், இயன்றால் ஒரு சிறு குளிரறை அமைப்பதும் வீண் ஆடம்பரங்கள் ஆகமாட்டா.

சந்தையில் ஒவ்வொரு பட்டறைக்கும் மதிப்பெண் உண்டு. தவணை தவறினால் குறையும். உறுப்பு தள்ளப்பட்டால் குறையும். மதிப்பெண் குறைந்தவரின் பலகையில் நல்ல வேலைகள் தோன்றுவதும் குறையும். இது கடுமையான ஆசிரியர்தான். ஆனால் நல்ல ஆசிரியர். அளவு அறிக்கை எழுதவும், உலோகச் சான்றிதழைக் கோத்து வைக்கவும், ஐ.எஸ்.ஓ. 9001 போன்ற தரமுறைகளைப் பின்பற்றவும் சிறு பட்டறைகளைப் பழக்கியதில் இச்சந்தைகளுக்குப் பங்கு உண்டு. முன்பு பம்புத் தண்டு ஒன்றையே ஆயிரக்கணக்கில் கடைந்துகொண்டிருந்த என் பட்டறைப் பையன்கள், இன்று பற்சிகிச்சைக் கருவிக்கும் ஆளில்லா விமானத்துக்கும் உறுப்புச் செய்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, எவருடைய பரிந்துரையுமின்றித் தனியே பட்டறை வைத்த இளைஞர் சிலரை நான் அறிவேன். 'நீ யார் வீட்டுப் பையன்?' என்று சந்தை அவர்களைக் கேட்கவில்லை. 'படத்தில் உள்ளபடி செய்வாயா?' என்று மட்டும் கேட்டது. நம் சமூகத்தில் இது சிறிய மாறுதலன்று.

ஆனால் பெயரைக் கேளாமல் உள்ளே விடுகிற சந்தை, பெயரில்லாமலேயே வெளியிலும் அனுப்புகிறது. பல சந்தைகளில் உறுப்பைச் சந்தையின் பெயரிட்ட பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். நம் சீட்டு ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. வாங்கியவர் யார் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் நேரில் தொடர்பு கொள்ளலாகாது என்பது ஒப்பந்தம். ஆயிரம் உறுப்புகளைப் பழுதின்றிச் செய்து கொடுத்தாலும், அதனால் வளரும் நற்பெயர் சந்தையின் பெயரோடு சேர்கிறது. நமக்கு மிஞ்சுவது மதிப்பெண். அதனை வேறொரு சந்தைக்கு எடுத்துச் செல்ல முடியாது. மகனுக்கு விட்டுச் செல்லவும் முடியாது.

இதில் இழக்கப்படுவது பெயர் மட்டுமன்று, பேச்சும் இழக்கப்படுகிறது. என் பட்டறையில் மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். வெட்டுத் துகளின் நிறத்தையும் இயந்திரத்தின் ஓசையையும் கொண்டே வெட்டுளி தேய்ந்ததை அறிபவர். ஒருமுறை ஒரு படத்தில் உள்மூலைகள் கூர்மையாக வரையப்பட்டிருந்தன. மில்லிங் வெட்டுளி வட்டமானது. அது மூலையில் சிறு வளைவை விட்டே தீரும். கூர்மூலை வேண்டுமானால் மின்பொறியால் அரித்து எடுக்க வேண்டும்; செலவு பன்மடங்காகும். படத்தைப் பார்த்த அவர், "தம்பி, இது வெறும் மூடிதானே? மூலையில் மூன்று மில்லி வளைவு கொடுத்தால் அவர்களுக்கு என்ன குறையும்? ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார். கேட்க வழியில்லை. சந்தையின் அலுவலருக்கு எழுதினோம். அவர் வாங்குவோருக்கு எழுதினார். மூன்று நாள் கழித்து, படத்தில் உள்ளபடியே செய்க என்று விடை வந்தது. வரைந்தவர் அதனைப் படித்தாரோ, இல்லையோ, யாம் அறியோம்.

கோவையின் பம்புகள் சிறந்தது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். வரைபவரும் வார்ப்பவரும் கடைபவரும் ஒரே தேநீர்க் கடையில் நின்று, 'இந்த இடத்தில் கொஞ்சம் கனம் கொடு, அந்தத் துளையைத் தள்ளிப் போடு' என்று பேசிப் பேசியே அவற்றைத் திருத்தினார்கள். அத்தகைய பேச்சில் கடைபவனின் அறிவு வரைபவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த படம் முன்னதைவிட நன்றாக வந்தது. பேச்சு நின்றுபோனால், படம் மேலிருந்து வரும். கை கீழிருந்து செய்யும். அறிவு ஒரு வழியாகவே ஓடும்.

கொங்கு நாட்டு நெசவாளர் கதை நமக்குப் புதிதன்று. சொந்த நூல் வாங்கி, நெய்து, தாமே விற்றவர்கள் பலர், காலப்போக்கில் வணிகரிடம் பாவும் நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர்களாயினர். தறி அவர்களுடையதே, வீடும் அவர்களுடையதே, ஆனால் என்ன நெய்வது, என்ன விலை என்பவை அவர்களுடையவாக இல்லை. வணிகர் வேலை கொடுக்கும் வரை வாழ்வு. நிறுத்திய நாளில் தறி ஓய்வு. சிறு பட்டறையும் அந்நிலைக்கு வரக்கூடும். 2018-இல் த்ரீடி ஹப்ஸ் நிறுவனம், எவரும் சேர்ந்து வேலை பெறலாம் என்றிருந்த தன் திறந்த சந்தை முறையைக் கைவிட்டு, தான் தேர்ந்தெடுத்த உற்பத்தியாளரோடு மட்டும் நடத்தும் முறைக்கு மாறியது. பின்னர் 2021-இல் புரோட்டோ லேப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அதனை வாங்கியது. இதில் சட்டத்துக்கு மாறானது ஒன்றுமில்லை. சந்தையை அமைத்தவர் அதனை மாற்றவும் உரிமையுடையவர். ஆனால் அதை நம்பியே இயந்திரம் வாங்கிய சிறு உற்பத்தியாளருக்கு அந்த மாறுதலில் சொல்வதற்கு இடமிருக்கவில்லை.

பணம் வரும் வழியிலும் விழிப்பு வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரக் கடமைப்பட்டவராவர். ஆகவே ஒரு சந்தையில் சேருமுன், நம்மிடம் வாங்குபவர் சந்தை நிறுவனமா, அல்லது அது வெறும் அறிமுகம் செய்துவிட்டு விலகிக்கொள்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன்பட்டவர் யார் என்பதே அதில் அடங்கியிருக்கிறது. வாங்குபவர் வெளிநாட்டவரானால் நம் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அங்கே ஒப்பந்த வாசகமே துணை. உள்நாட்டில், பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட விலைச்சீட்டைத் தவணைக்கு முன்னரே பணமாக மாற்றிக்கொள்ள, ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் டிரெட்ஸ் என்னும் ஏற்பாடு 2017 முதல் நடந்து வருகிறது. அதில் பதிவு செய்துகொள்வது சிறு பட்டறைக்கு நன்மை தரும்.

இவ்வளவும் கூறியபின், இச்சந்தைகளில் சேரலாமா, கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். சேரலாம் என்பதே என் விடை. ஆனால் ஓர் எல்லையோடு. என் பட்டறையின் இயந்திர நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையச் சந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. அதிலும் ஒரே சந்தைக்குக் கொடுப்பதில்லை. எஞ்சிய நேரம், முகம் அறிந்த பார்ட்டிகளுக்கு. அவர்களிடம் பேரம் உண்டு, தாமதம் உண்டு, சிற்சில வேளைகளில் மனக்கசப்பும் உண்டு. ஆயினும் அந்த மூலை ஏன் கூர்மையாக இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கலாம். இந்தப் பங்கீடு எல்லாருக்கும் பொருந்தும் என்று கூறேன். புதிதாகத் தொடங்கும் இளைஞனுக்கு முதல் ஆண்டில் முழு வேலையும் சந்தையிலிருந்தே வரலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் முகமறிந்த ஒருவரையாவது தேடிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்வது.

முடிவாக, பட்டறை நடத்துவோருக்கு மூன்று பழக்கங்களைச் சொல்லி அமைகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த நேரத்தையும் ஆன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டில் அதைவிடச் சிறந்த ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அடிவரம்பையும் நிலைவிலையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிடுங்கள். மூன்றாவதாக, ஒரு படத்தைப் பார்த்து, 'இதை இப்படி மாற்றினால் நன்றாயிருக்கும்' என்று உங்கள் தொழிலாளி ஒருவர் சொன்னால், அதைக் கேட்க எவரும் இல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். அதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புகள் சேரச் சேர, பிறர் படத்துக்கு மட்டும் உறுப்புச் செய்துவந்த பட்டறை, தன் பெயரில் ஒரு பொருளைச் செய்யத் துணியும். எங்கள் ஊரின் பெரிய தொழிற்சாலைகள் சில, பழுது பார்க்கும் சிறு கூடங்களாகத் தொடங்கியவையே.